புதுத் தபால்தலை வந்தால் சங்கத்தில் என்ன நடக்கும்?

தபால்தலை சேகரிப்பு என்றதும் பலருக்கும் பழைய ஆல்பம்தான் கண்முன் வரும். மஞ்சள் படிந்த பக்கங்கள், முத்திரை குத்திய ராஜா ராணித் தலைகள், வரைபடத்தில் இப்போது தேடினாலும் கிடைக்காத நாடுகள். ஆனால் ஒரு தபால்தலைச் சங்கத்தின் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால் முதலில் காதில் விழும் கேள்வி, "புதுசா என்ன வந்திருக்கு?" என்பதுதான். பழசைப் பற்றிய பேச்சு அப்புறம்தான் தொடங்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கிறது என்பதை, இதுவரை ஒரு தபால்தலைகூடச் சேர்த்திராதவருக்காக இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ளலாம். அன்றாடக் கடிதங்களுக்காக ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சாவது ஒரு வகை. சேகரிப்பவர்கள் இதை டெஃபினிட்டிவ் என்பார்கள். சின்னதாக, பெரிய அலங்காரம் எதுவும் இல்லாமல் இருக்கும். இன்னொன்று நினைவுத் தபால்தலை, அதாவது கமெமரேட்டிவ். ஒரு நூற்றாண்டு விழா, ஒரு விஞ்ஞானி, அழிந்துவரும் ஒரு பறவை, ஒரு விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது ஒன்றுக்காக ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சடிப்பார்கள். விற்றுத் தீர்ந்தால் பெரும்பாலும் மறுபடி வராது. "புதுசா என்ன" என்று கேட்பவர் மனதில் இருப்பது பொதுவாக இந்த இரண்டாவது வகை.

ஆனால் அனுபவசாலிகள் முதல் வகையையும் விட மாட்டார்கள். ஒரே படம் பல ஆண்டுகள் அச்சாகும்போது காகிதம், பசை, மை, ஓரத்துத் துளை எல்லாம் சத்தமில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும். பிரிட்டனில் 1967 ஜூனில் வந்த எலிசபெத் ராணியின் பக்கவாட்டுத் தலை இதற்குப் பேர்போன உதாரணம். ஆர்னால்டு மேச்சின் என்ற சிற்பி செய்த உருவம் அது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓடி, 2023 ஏப்ரலில்தான் மன்னர் சார்லஸுக்கு இடம் விட்டது. நடுவில் 2022-இல் அதே ராணித் தலைக்குப் பக்கத்தில் ஒரு பார்கோடு வந்து ஒட்டிக்கொண்டது. பார்கோடு இல்லாத அன்றாடத் தபால்தலைகள் 2023 ஜூலை 31-க்குப் பிறகு கடிதத்துக்குச் செல்லாது என்றும் அறிவித்தார்கள். சாதாரண ஆளுக்குப் படம் அதே படம். சேகரிப்பவருக்கு அது இன்னொரு தபால்தலை.

வெளியீட்டு நாள்

ஒரு நினைவுத் தபால்தலை அஞ்சலக ஜன்னலுக்கு வந்துசேர ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவில் 1957 முதல் இதற்கென்று குடிமக்கள் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. எதைப் பற்றித் தபால்தலை வரவேண்டும் என்று யார் வேண்டுமானாலும் அந்தக் குழுவுக்கு எழுதலாம். ஆனால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதச் சொல்கிறார்கள். வேறு பல நாடுகளிலும் இப்படிக் குழுக்கள் உண்டு. ஒரு நினைவு ஆண்டு வரப்போகிறது என்று தெரிந்தால் சங்க உறுப்பினர்கள் சேர்ந்து மனு எழுதிப் போடுவது, கிடைக்கிறதோ இல்லையோ, நடந்துகொண்டே இருக்கிறது.

வெளியீட்டு நாளன்று தபால்தலை மட்டும் தனியாக வராது. கூடவே ஒரு பட்டாளமே வரும். முழுத் தாள், ஒன்றிரண்டு தபால்தலைகளைப் பெரிய படத்தின் நடுவில் பதித்த மினியேச்சர் ஷீட், விவரம் அச்சிட்ட தகவல் தாள், அந்த நாளுக்கென்று செய்த சிறப்பு முத்திரை, முதல் நாள் உறை. புதிதாக வருபவர் குழம்புவது இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. எது எதற்கு என்று தெரிந்தால் தனக்கு எது தேவை என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

முதல் நாள் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். இடப் பக்கம் ஒரு படம், வலப் பக்கம் மேலே தபால்தலை, அதன்மேல் அந்த நாளின் முத்திரை. புதியவர் கண் நேரே இடப் பக்கப் படத்துக்குப் போகும், அதுதான் பெரிதாக, அழகாக இருக்கிறது. பழகியவர் முத்திரையைப் பார்ப்பார். முத்திரையின் ஒரு பாதி தபால்தலையிலும் மறுபாதி உறையிலும் விழுந்திருக்கிறதா? தேதியும் ஊர்ப் பெயரும் படிக்க முடிகிறதா? மை பரவி முகத்தை மூடிவிட்டதா? முத்திரை இரண்டிலும் விழுந்திருந்தால், அந்தத் தபால்தலை அந்த உறையில்தான் அந்த நாளில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அப்படி விழாத உறையில் தபால்தலையைப் பிற்பாடு யாரும் ஒட்டியிருக்கலாம்.

முதல் நாள் என்ற விஷயம் உலகின் முதல் தபால்தலையிலிருந்தே தொடங்கிவிட்டது. பிரிட்டனின் கறுப்பு நிற ஒரு பென்னித் தபால்தலை 1840 மே 1 அன்று விற்பனைக்கு வந்தது. ஆனால் கடிதத்தில் ஒட்ட அனுமதி மே 6 முதல்தான். சிலர் பொறுக்காமல் முன்னதாகவே ஒட்டி அனுப்பிவிட்டார்கள், சில ஊழியர்களும் கண்டுகொள்ளவில்லை. மே 2 தேதியிட்ட அத்தகைய உறைகள் இன்று சேகரிப்பாளர்கள் கனவு காணும் பொருள். சட்டப்படி அவை தவறு, சேகரிப்பில் அவை மணிமகுடம்.

அந்தப் பென்னியிலிருந்து சங்கத்துப் பெரியவர்கள் சொல்லித்தரும் இன்னொரு பாடமும் உண்டு. அதன்மேல் முதலில் சிவப்பு மையில் சிலுவை வடிவ முத்திரை குத்தினார்கள். கறுப்பின்மேல் சிவப்பு சரியாகத் தெரியவில்லை, அதோடு அந்த மையைக் கழுவித் தபால்தலையை மறுபடி பயன்படுத்தவும் வழி இருந்தது. அதனால் ஓராண்டுக்குள், 1841-இல், தபால்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். ஒரு புதுத் தபால்தலை ஏன் இந்த நிறத்தில், இந்த மையில், இந்தக் காகிதத்தில் வருகிறது என்ற கேள்விக்கு அன்றும் இன்றும் அஞ்சல் துறையின் ஏதாவது ஒரு தலைவலிதான் பதிலாக இருக்கிறது.

முதல் நாள் உறையைவிட எனக்குப் பிடித்தது மேக்ஸிமம் கார்டு. ஒரு பட அஞ்சலட்டையின் படப் பக்கத்திலேயே தபால்தலையை ஒட்டி முத்திரை வாங்குவது. இதில் மூன்று பொருத்தம் பார்ப்பார்கள்: தபால்தலையும் அட்டையும் ஒரே விஷயத்தைக் காட்ட வேண்டும், முத்திரை அந்த விஷயத்தோடு தொடர்புள்ள ஊரில் விழ வேண்டும், காலமும் ஒத்துப்போக வேண்டும். தபால்தலையையே பெரிதாக்கி அச்சடித்த அட்டை கணக்கில் சேராது. ஒரு கலங்கரை விளக்கத்துக்குத் தபால்தலை வருகிறது என்றால், அந்தக் கலங்கரை விளக்கத்தின் பட அட்டையை முன்கூட்டியே தேடிப்பிடித்து, அந்த ஊர் அஞ்சலகத்தில் முத்திரை வாங்கிவர வேண்டும். தனி ஆளால் எப்போதும் முடியாது. அங்கே இருக்கும் ஒரு உறுப்பினர் இருபது பேருக்கும் சேர்த்து வாங்கிவருவார். சங்கம் என்று ஒன்று எதற்கு என்பவர்களுக்கு இதையே உதாரணமாகக் காட்டலாம்.

மேஜைமேல் வைத்துப் பார்ப்பது

புதுத் தபால்தலை கூட்டத்துக்கு வந்ததும் அதைச் சுற்றித் தலைகள் கூடும். ஒருவர் கையில் இடுக்கி, அதாவது டாங்ஸ். விரலால் தொடுவது இங்கே கெட்ட வழக்கம், விரலின் எண்ணெய்ப் பசையும் ஈரமும் காகிதத்தில் இறங்கும். இன்னொருவர் லென்ஸ் வைத்திருப்பார். மூன்றாமவர் கோடுகளும் புள்ளிகளும் போட்ட ஓர் அட்டையை எடுப்பார். அதுதான் துளை அளவுகோல்.

தபால்தலையின் ஓரத்தில் இருக்கும் பற்களை எண்ணுவதற்கு அந்த அளவுகோல். 1866-இல் லெக்ராண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு முறை வகுத்தார்: இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் இருக்கின்றனவோ அதுதான் அளவு. இன்றுவரை உலகம் முழுக்க அதே கணக்கு. "14க்கு 13½" என்று கேட்டலாகில், அதாவது தபால்தலைகளின் விலைப்பட்டியல் புத்தகத்தில், போட்டிருந்தால் மேல்கீழ் ஓரங்களில் இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினான்கு, பக்க ஓரங்களில் பதின்மூன்றரை என்று பொருள். படம், நிறம், விலை எல்லாம் ஒன்றாக இருந்தும் துளை அளவு வேறானால் அவை இரண்டு வெவ்வேறு தபால்தலைகள். அச்சகத்தில் துளைக்கும் எந்திரம் மாறியிருக்கும், அல்லது இரண்டாம் அச்சு வேறு அச்சகத்துக்குப் போயிருக்கும். இதை அஞ்சலகம் அறிவிக்கவே அறிவிக்காது. யாராவது அட்டையை வைத்து அளந்தால்தான் தெரியவரும்.

அடுத்து தாளின் வெள்ளை ஓரம். புதியவர்கள் தபால்தலையைக் கிழித்தெடுத்துவிட்டு ஓரத்தைக் குப்பையில் போடுவார்கள். அதில்தான் அச்சகத்தின் பெயர், தாளின் எண், எத்தனை நிறத்தில் அச்சானது என்று காட்டும் நிறப்புள்ளிகள் எல்லாம் இருக்கும். அதனால்தான் பலர் மூலையிலிருந்து ஓரத்தோடு சேர்த்து நான்கு தபால்தலைகளாக வாங்குகிறார்கள், அதற்கு பிளாக் என்று பெயர். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கடியில் பிடிப்பார்கள். கடிதத்தைத் தரம் பிரிக்கும் எந்திரம் தபால்தலை எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகப் பல நாடுகள் காகிதத்திலோ மையிலோ ஒளிரும் பொருள் சேர்க்கின்றன. இருட்டில் சில தபால்தலைகளில் பட்டைகள் பளிச்சென்று எழும். பக்கத்திலேயே அதே தபால்தலையின் இன்னொரு பிரதி இருண்டே கிடந்தால் அன்றைய கூட்டம் வேறு எதையும் பேசப்போவதில்லை.

இப்படிப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கா என்று கேட்பவர்களுக்கு 1918-இல் வாஷிங்டனில் நடந்ததைச் சொல்லலாம். அமெரிக்கா முதல் விமான அஞ்சல் தபால்தலையை வெளியிட்டது. 24 சென்ட். சிவப்புச் சட்டம், நடுவில் நீல நிறத்தில் ஒரு ஜென்னி விமானம். இரண்டு நிறம் என்றால் தாள் இரண்டு முறை அச்சு எந்திரத்தில் போக வேண்டும். இரண்டாம் தடவை யாராவது தாளைத் திருப்பி வைத்துவிட்டால்? வில்லியம் ரோபி என்ற சேகரிப்பாளருக்கு இந்த யோசனை வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே வந்துவிட்டது. சக சேகரிப்பாளர் ஒருவருக்குக் கடிதத்திலும் எழுதினார். மே 14 அன்று அஞ்சலகத்துக்குப் போனார். முதலில் காட்டிய தாள்களில் படம் நடுவில் சரியாக உட்காரவில்லை என்று வாங்கவில்லை, மத்தியானம் புதுக்கட்டு வரும் என்றார்கள், திரும்பி வந்தார். ஊழியர் எடுத்துக் கொடுத்த நூறு தபால்தலைகள் கொண்ட தாளில் விமானம் தலைகீழாகப் பறந்துகொண்டிருந்தது. 24 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். சில நாட்களில் 15,000 டாலருக்கு விற்றார். அந்த ஒரு தாளைத் தவிர வேறொன்று வெளியே வரவேயில்லை.

இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கே பிழை வரலாம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அதைத் தேடித்தான் அவர் போனார். அச்சு எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்களோடு பழகியதால் வந்த அறிவு அது. சங்கத்தில் கிடைப்பதும் அந்த அறிவுதான். பிழைத் தபால்தலை எல்லோருக்கும் கிடைக்காது, அதை எதிர்பார்த்துச் சேரவும் வேண்டாம்.

இன்றைய புதுத் தபால்தலைகளில் பார்ப்பதற்கு இன்னும் நிறையவே இருக்கிறது, தொடுவதற்கும் முகர்வதற்கும்கூட. 2017-இல் அமெரிக்கா வெளியிட்ட சூரிய கிரகணத் தபால்தலையில் கறுத்த வட்டத்தின்மேல் விரலை வைத்தால், சூட்டில் மை மறைந்து அடியிலிருந்து நிலா தெரியும். விரலை எடுத்ததும் மெல்ல மறுபடி கறுக்கும். அந்த மை வெயிலுக்கு ஆகாது என்பதால் இருட்டில்தான் வைக்க வேண்டும். இந்தியா 2006-இல் சந்தன மணம் வீசும் தபால்தலை போட்டது. 2011-இல் காந்தி படத்தைக் கதர்த் துணியிலேயே அச்சிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பூட்டான் இசைத்தட்டாகவே தபால்தலை வெளியிட்டது, சுழலும் தட்டில் வைத்தால் பாட்டுக் கேட்கும். சியரா லியோன் 1964-இல் நாட்டின் வரைபட வடிவத்தில் வெட்டிய, தானாக ஒட்டும் தபால்தலையைக் கொண்டுவந்தது. அப்போது அது விசித்திரம், இப்போது பாதி உலகம் அந்த ஒட்டுத் தபால்தலைக்குப் போய்விட்டது.

அந்த ஒட்டுத் தபால்தலைகள் சேகரிப்பவர்களுக்கு ஒரு தொந்தரவையும் கூட்டியே வந்தன. பழைய தபால்தலை என்றால் உறைத்துண்டோடு தண்ணீரில் போட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பசை கரைந்து தனியே மிதக்கும். இப்போதைய பல ஒட்டுத் தபால்தலைகள் அப்படி விடுவதில்லை. இழுத்தால் காகிதம் உரியும், இல்லாவிட்டால் பின்பக்கம் பிசுபிசுவென்று நிற்கும். சுற்றிலும் கொஞ்சம் உறையை விட்டுக் கத்தரியால் வெட்டி அப்படியே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இதை யாரும் முதலில் சொல்லாவிட்டால் ஆரம்பத்திலேயே பத்து நல்ல தபால்தலைகளைப் பாழாக்கியிருப்பீர்கள்.

வாங்குவதும் மாற்றுவதும்

புதுத் தபால்தலைகளை வாங்க வழிகள் மூன்று நான்குதான். அஞ்சலக ஜன்னலில் நேரே வாங்கலாம். பல நாடுகளின் அஞ்சல் துறையில் சேகரிப்பாளர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, முன்பணம் கட்டி வைத்தால் வெளியீடு வரவர அனுப்பிவைப்பார்கள். சங்கங்கள் சில, உறுப்பினர்களிடம் பட்டியல் வாங்கி மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கொடுக்கும். வெளிநாட்டுத் தபால்தலை வேண்டுமென்றால் அங்கே ஒரு சேகரிப்பாளரைப் பிடித்து, நம் ஊர்ப் புது வெளியீடுகளை அனுப்பி அவர் ஊருடையதை வாங்கிக்கொள்ளலாம். பழைய முறை, இன்னமும் நடக்கிறது.

சங்கத்துக்குள் பரிமாற்றம் என்பது தனி உலகம். எல்லோரிடமும் டூப்ளிகேட் இருக்கும். மேஜையில் பரப்பி, பேசி, மாற்றிக்கொள்வார்கள். சில சங்கங்களில் சுற்றுப் புத்தகம் என்ற முறை உண்டு. சிறிய ஏட்டில் தபால்தலைகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே விலை எழுதி, உறுப்பினர் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெறும் கட்டத்தில் கையெழுத்து எதற்கு என்று தோன்றும். நல்ல பிரதியை எடுத்துவிட்டு மட்டமானதை அங்கே ஒட்டி வைக்கும் ஆசாமிகள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள், அதற்குத்தான்.

மாற்றும்போது கேட்டலாக் விலையைப் பேசுவார்கள். பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ், அமெரிக்காவின் ஸ்காட், ஜெர்மனியின் மிக்கேல், பிரான்சின் இவேர் எ டெல்லியே என்று பெரிய கேட்டலாகுகள் இருக்கின்றன. ஒரே தபால்தலைக்கு நான்கிலும் நான்கு எண்கள். யாராவது எண்ணைச் சொன்னால் எந்தக் கேட்டலாக் என்று முதலில் கேளுங்கள். இன்னொன்று, சாதாரணத் தபால்தலைகளுக்குப் போட்டிருக்கும் ஆகக் குறைந்த விலை அந்தத் தபால்தலையின் மதிப்பே கிடையாது. அதை எடுத்து, அடையாளம் பார்த்து, உறையில் போட்டுத் தரும் வியாபாரியின் உழைப்புக்கான கூலி அது. கேட்டலாகில் ஆயிரம் குறைந்தவிலைத் தபால்தலைகளின் தொகையைக் கூட்டி "என்னிடம் இவ்வளவு சொத்து இருக்கிறது" என்று நினைப்பவர்கள் விற்கப் போகும்போதுதான் விழித்துக்கொள்வார்கள்.

எல்லாப் புதுத் தபால்தலையும் ஒன்றா?

சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாள் முதல், அவர்களுக்கென்றே தபால்தலை அடிக்கும் பழக்கமும் தொடங்கிவிட்டது. 1880-களின் இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் சீபெக் என்பவர் நிகராகுவா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் போன்ற நாடுகளோடு ஒப்பந்தம் போட்டார். தபால்தலைகளை இலவசமாக அச்சிட்டுத் தருவார். பதிலுக்கு ஆண்டுதோறும் புது வரிசை வெளியிட வேண்டும், விற்காத பழையதை அவருக்கே திருப்பித் தர வேண்டும். அதை அவர் சேகரிப்பாளர்களிடம் விற்றுக்கொள்வார். நாடுகளுக்கு அச்சுச் செலவு மிச்சம், அவருக்கு வியாபாரம், ஆல்பம் நிரப்புபவர் பாடு திண்டாட்டம்.

சேகரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1895-இல் லண்டனில், ஊக வணிகத்துக்காக வெளியிடும் தபால்தலைகளை ஒழிப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்னின்ன வெளியீடுகளை வாங்காதீர்கள் என்று பட்டியல் போட்டார்கள். சங்கம் சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வாங்காதே என்று சொன்னால் வாங்கத்தான் தோன்றும் போலிருக்கிறது.

ஆனால் சங்கங்களின் குரல் எடுபட்ட சம்பவமும் இருக்கிறது. 1930-களில் அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்லி, புதுத் தபால்தலைகள் அச்சாகும்போதே துளையிடாத, பசை தடவாத தாள்களைக் காசு கொடுத்து எடுத்து, குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் பரிசாகக் கொடுத்தார். ரூஸ்வெல்ட் தீவிர சேகரிப்பாளர், சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அப்படியொரு தாள் விற்பனைக்கு வந்ததும் விஷயம் வெளியே கசிந்தது. ஜன்னலில் வரிசையில் நிற்பவனுக்குக் கிடைக்காதது வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் எப்படி என்று சங்கங்கள் கொதித்தெழுந்தன, நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் 1935 மார்ச்சில் அந்த இருபது வகைத் தபால்தலைகளையும் அதேபோலப் பசையில்லாமல் பொதுமக்களுக்கே விற்க வேண்டியதாயிற்று. பரிசாகப் போன தாள்களின் அபூர்வம் ஒரே நாளில் போய்விட்டது.

1960-களில் வளைகுடாவின் சிற்றரசுகள் சிலவற்றின் பெயரில் கதை திரும்ப நடந்தது. அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்று பெயர் போட்டு விண்கலம், பூனை, ஐரோப்பிய ஓவியம் என்று பளபளக்கும் தபால்தலைகள் மூட்டை மூட்டையாக வந்தன. முகவர்கள் வெளிநாட்டில் அச்சடித்து வெளிநாட்டிலேயே விற்றார்கள். 1971 டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் உருவான பிறகு இந்த வெள்ளம் வடிந்தது. சிறுவயதில் பாக்கெட்டில் வாங்கிய தபால்தலைகளைக் கொண்டுவருபவர்களின் டப்பாவில் இன்றும் இவைதான் பாதி இருக்கும். அழகாக இருக்கும், விலை போகாது.

இவற்றை அடையாளம் காண ஒரு சுலப வழி இருக்கிறது. தபால்தலையில் மூலைக்கு மட்டும் கச்சிதமாக ஒரு கால்வட்ட முத்திரை இருக்கிறதா? திருப்பிப் பாருங்கள். பின்னால் பசை கொஞ்சமும் குலையாமல் பளபளவென்று இருந்தால், அது கடிதத்தில் பயணம் செய்ததே இல்லை. முழுத் தாளாக வைத்து, நான்கு மூலைகள் சேரும் இடத்தில் ஒரே முத்திரையை அடித்து, சேகரிப்பாளருக்கென்று மலிவாக விற்றது. சங்கத்தில் இதை சி.டி.ஓ. என்பார்கள், அதாவது கேன்சல்ட் டு ஆர்டர், கேட்டபடி முத்திரை குத்தியது. ஒரு விலங்கையோ பறவையையோ பற்றிய தொகுப்புக்கு இவற்றை வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் கடிதத்தில் போய்வந்ததற்கான விலை கொடுத்து வாங்கக் கூடாது.

இன்னும் மோசம், எந்த நாடும் வெளியிடாமலே ஒரு நாட்டின் பெயரில் வரும் போலிகள். இல்லாத பிரதேசங்களின் பெயரிலும் வரும். 1874 முதல் நாடுகளின் அஞ்சல் துறைகளை இணைக்கும் உலக அஞ்சல் ஒன்றியம் இத்தகையவை பற்றி எச்சரிக்கைச் சுற்றறிக்கை அனுப்புகிறது. 2002 முதல், பங்கேற்கும் நாடுகள் தாம் வெளியிடும் தபால்தலைகளைப் பதிவு செய்து எண் வாங்கும் ஏற்பாடும் இருக்கிறது. புதுத் தபால்தலை மேல் சந்தேகம் வந்தால் அந்தப் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லா நாடுகளும் அதில் சேரவில்லை என்பதால், இல்லாவிட்டாலே போலி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

ஆக, என் அபிப்பிராயம்: எல்லாப் புது வெளியீட்டையும் வாங்க ஆரம்பிப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் சீக்கிரம் சலித்துப்போகும் வழி. புதுத் தபால்தலை நாளைக்கு விலையேறும் என்று அடுக்கடுக்காக வாங்கி வைத்தவர்கள் பெரும்பாலும் அதில் அச்சிட்ட விலைக்கும் கீழேதான் விற்கிறார்கள். பாலங்கள், வௌவால்கள், பார்வையற்றோர் எழுத்து, ஒரே ஒரு நாட்டின் விமான அஞ்சல் என்று ஏதாவது ஒரு கதவைத் திறந்து உள்ளே போங்கள். அப்போது மாதம் பத்து வெளியீடு வந்தாலும் ஒன்றுதான் உங்களுக்குரியதாக இருக்கும், அதை முழுசாகப் பார்க்க நேரமும் கிடைக்கும்.

பதினாறு பக்கங்கள்

அப்படி ஒரு விஷயத்தைப் பிடித்தவர்களை வேலை வாங்குவதற்காகவே சங்கங்கள் கண்காட்சி நடத்துகின்றன. ஒரு சட்டகம், அதாவது ஃப்ரேம் என்றால் பொதுவாகப் பதினாறு பக்கங்கள். அந்தப் பதினாறுக்குள் தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்று ஒரு விஷயத்தைத் தபால்தலையும் உறையும் முத்திரையும் வைத்துச் சொல்ல வேண்டும்.

புதியவர்கள் வண்ணத்தாள், பூ வேலை, கொட்டை எழுத்துத் தலைப்பு என்று இரவெல்லாம் அலங்கரிப்பார்கள். தபால்தலைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1926-இல் தொடங்கியது. அதன் மதிப்பெண் முறையில் தோற்றத்துக்கு நூற்றில் ஐந்துதான். தபால்தலையின் நிலைக்குப் பத்து, அரிய பொருளுக்கு இருபது. மிச்சம் அறுபத்தைந்தும் சொல்லும் முறைக்கும் அறிவுக்கும் போய்விடும். விஷய வாரியான தொகுப்பில் தலைப்புக்கும் திட்டத்துக்கும் மட்டுமே பதினைந்து. ஒரு பழைய பாலத்தின் தபால்தலையை வைத்து, அந்தப் பாலம் வருவதற்கு முன் அதே ஆற்றைக் கடந்துபோன கடிதத்தின் உறையையும் பக்கத்தில் வைத்து, அது எந்த வழியாக எத்தனை நாளில் போனது என்று இரண்டு வரி எழுதியிருந்தால் நடுவர் அங்கே நிற்பார். பூ வேலையைத் தாண்டிப் போய்விடுவார்.

புது வெளியீடுகளை மட்டுமே வைத்து நல்ல தொகுப்பு செய்வது கஷ்டம். அவை எல்லோரிடமும் இருக்கும், எளிதில் கிடைக்கும். பழைய உறைகள், வேறு நாட்டு முத்திரைகள், அச்சுப் பிழைகள் நடுவே புதியதைச் சேர்க்கும்போதுதான் அது எடுபடும். அதற்குத்தான் மற்ற உறுப்பினர்களின் டப்பாக்கள்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது பெரிய ஆல்பம் எதையும் தூக்கிப்போக வேண்டாம். டூப்ளிகேட்டுகளை ஒரு சின்ன ஸ்டாக் புக்கில் அடுக்கி, எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போனால் போதும். பயன்படுத்தாத தபால்தலைகளை பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள், அது காலப்போக்கில் மையையும் காகிதத்தையும் கெடுக்கும். பின்பக்கப் பசையில் ஹிஞ்ச் என்ற சின்னப் பசைத்தாளை ஒட்டாதீர்கள், தபால்தலையைச் செருகி வைக்கும் மவுண்ட் என்ற ஒளிபுகும் உறையை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரப்பதம் உள்ள அலமாரியில் அடுக்கி வைத்தால் தபால்தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மற்றவர் ஆல்பத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், தண்ணீர் பாட்டிலை அந்த மேஜைமேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், பத்துப் பேர் ஒரே குரலில் கத்துவார்கள்.